தங்கத் தண்ணியும் பூ வாக்கும்

லூக்காவுக்கு அது வெளிநாட்டுப் பயணம்; எனக்கு ஊருக்குப் போவது. ஆனாலும் அந்த நாட்கள் முழுக்கத் திக்குத் தெரியாமல் முழித்தவன் நான்தான். அவன் பாட்டுக்குக் களி தின்றுகொண்டு சுகமாக இருந்தான்.

நாங்கள் இருவரும் இத்தாலியின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டத்தில் கிடக்கும் ஓர் ஊரில், ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறோம். பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்கு வந்திருந்தோம். முடிந்ததும் அவன் மைசூர் அரண்மனை பார்க்கப் போவதாக இருந்தான். நான்தான் அவனைக் கம்பைநல்லூர்ப் பக்கம் அத்தை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மாவும் அப்பாவும் கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போனதால் நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். எங்கள் பரம்பரையில் கையெழுத்துக்கு மேல் எழுதக் கற்றவன் நான் ஒருவன்தான். அதற்கு அத்தையின் கைவிளக்குமாறும் ஒரு காரணம்.

இழுத்துக்கொண்டு போனதற்குக் காரணம் இருந்தது. அத்தைக்கு மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று சோதனையில் தெரிந்துவிட்டது. "சின்னதா இருக்கு, பரவல. இப்பவே எடுத்துட்டா நல்லது" என்று சேலத்து டாக்டரம்மா அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார். அத்தை போகவில்லை. மறுபடி ஒரு தேதி கொடுத்தார். அது அந்த வாரக் கடைசியில் வந்தது. அதற்கும் போகிற மாதிரித் தெரியவில்லை.

மாமா விடவில்லை. லாரி ஓட்டி ஓய்ந்த மனுஷன், பெயர் சென்னப்பன். "கத்தி பட்டா பரவிடும். நம்ம மாது வெளிச்சத்துலயே கரைக்கிற வைத்தியம் படிச்சிருக்கான். அவன் வரட்டும்" என்று என்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

நான் படித்தது என்னவோ உண்மை. கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கத் துகள்களைச் செய்து ரத்தத்தில் செலுத்துகிறோம். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்கள் ஓட்டைப் பானை மாதிரி. துகள்கள் அங்கே ஒழுகித் தங்கிவிடும். பிறகு சிவப்புக்கும் அப்பாலிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒளியை வெளியிலிருந்து பாய்ச்சினால் அது தோலைத் தாண்டி உள்ளே போய்த் தங்கத்தைச் சுட வைக்கும். கட்டி வெந்துவிடும், பக்கத்துச் சதைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இதைப் போனில் மாமாவுக்கு விளக்கும்போது, "மத்தியான வெயில்ல நிறுத்தின பைக்கோட கறுப்பு சீட்டுல ஒக்காந்தா எப்படி? பக்கத்துல வெள்ளைத் துணி அதே வெயில்ல சும்மாதானே கெடக்குது, அந்த மாதிரி" என்றேன். உதாரணத்தில் குற்றமில்லை. ஆனால் அது எலிகளுக்குத்தான் என்றும் சொன்னேன். அந்த இடத்தில் லைன் கட்டாகிவிட்டது என்று மாமா இன்றைக்கும் சாதிக்கிறார்.

முதல் நாள், தர்மபுரியிலிருந்து டவுன் பஸ். லூக்காவின் ஊரில் பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் ஜனங்கள் எழவு வீட்டு முகத்தோடு நிற்பார்கள். இங்கே பஸ் வந்ததே எங்களுக்கு விசேஷம். முன் சீட்டில் இரண்டு பெண்கள் லூக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்தப் பாஷை புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"இவனை இன்னும் கொஞ்சம் வேகவச்சு எறக்கியிருக்கலாம்" என்றாள் ஒருத்தி.

"வெந்துதான் இருக்கான். மஞ்சத்தூள் போட மறந்துட்டாங்க" என்றாள் மற்றவள்.

அதே பெண் அடுத்த நிமிஷம் தன் மடியிலிருந்த கால் கட்டிய கோழியை எடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்படி ஜாடை காட்டி லூக்காவிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிப் போனாள். அவன் அதை வாங்கிய விதத்தைப் பார்த்தால் பட்டமளிப்பு விழாவில் வாங்கிய மாதிரி இருந்தது.

பாதி வழியில் பஸ் நின்றது. "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்கப்பா" என்றார் கண்டக்டர். தள்ளினோம். வண்டி கிளம்பியது, நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்று டிரைவர் நிறுத்தவே இல்லை. எல்லோரும் ஓடி ஏறினோம். கடைசியாக ஓடி வந்தவன் லூக்கா, கையில் கோழியோடு. "வெள்ளக்காரரே, கோழிய வுடாதீங்க!" என்று பஸ்ஸே கத்தியது. விடவில்லை. ஏறி உட்கார்ந்ததும், இந்த நாட்டில் பயணச்சீட்டுக்குள் உடற்பயிற்சியும் அடக்கமா என்று கேட்டான்.

வீட்டுக்குப் போனால் கதவு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். மொட்டை மாடியிலிருந்து மாமா குரல்: "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு மாதம்மா. ஆங், அசையாத!"

ஏறிப் பார்த்தேன். உச்சி வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். கழுத்தில், வீட்டில் இருக்கிற தங்கச் சங்கிலி எல்லாம். எதிரே மாமா, பழைய லாரியின் சைடு கண்ணாடியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்து, வெயிலை அத்தையின் சங்கிலி மேல் அடித்துக்கொண்டிருந்தார். அத்தை மடியில் முறத்தை வைத்துப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். வைத்தியம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்.

"வா மாப்ள! நீ சொன்ன மொறதான். தங்கம், வெளிச்சம், சூடு. நீ வர்ற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு ஆரம்பிச்சிட்டன்."

லூக்கா கண்ணாடியை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் என்னிடம் ஏதோ சொன்னான்.

"என்னா சொல்றாரு டாக்டரு?" என்றார் மாமா.

"டாக்டர் இல்ல மாமா, லேசர் விளக்கு செய்யறவரு. இது பொடைச்ச கண்ணாடியாம். வெளிச்சத்தைக் குவிக்காதாம், செதறடிக்குமாம்."

மாமா தொடையில் தட்டினார். "அதான் சூடு ஏறலையா! நாளைக்கு சலூன் கண்ணாடி கேட்டு வாங்கியாறன்."

அத்தை முறத்தைக் கீழே வைத்து எழுந்தாள். "நாலு நாளா என்னை அப்பளமாட்டம் காயப்போட்டிருக்காரு உங்க மாமன். வாங்க கண்ணு, சாப்புடலாம்."

களி, கீரைக் கடைசல், நாட்டுக்கோழிக் குழம்பு. பஸ் கோழியின் சொந்தமாக இருக்குமோ என்று லூக்கா ஒரு கணம் தயங்கினான். பிறகு களி உருண்டையைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டான். அவர்கள் பக்கத்தில் மக்காச்சோள மாவில் இதே மாதிரி கிண்டுவார்களாம். கத்தி வைக்கக் கூடாதாம், நூலால்தான் அறுக்க வேண்டுமாம். அவன் அம்மா அப்படித்தான் செய்வாளாம். சொல்லிக்கொண்டே பையிலிருந்து பல்லிடுக்கில் விட்டு இழுக்கும் வெள்ளை நூலை எடுத்து, களியைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் இழுத்தான். உருண்டை சுத்தமாக இரண்டாகப் பிளந்தது.

"கெட்டிக்காரன்! கத்தியே இல்லாம அறுத்துட்டான் பாத்தியா!" என்றார் மாமா, அத்தையை அர்த்தத்தோடு பார்த்து.

அத்தை ஒரு துண்டை எடுத்து முகர்ந்தாள். "களியில புதினா மணக்குது" என்றாள். அந்த நூலில் புதினா வாசம் ஏற்றியிருப்பார்கள் என்று விளக்கினேன். "பல்லுக்குள்ள தோட்டமா?" என்று கேட்டுவிட்டு, அவன் களியை மென்று தின்பதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனாள். களியை மெல்லக் கூடாது, முழுங்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்வது?

மறுநாள் காலையில் வாசலில் கூட்டம். மூட்டுவலிக்காரர், கண்புரைக்காரர், பால் கறக்க விடாத மாட்டுக்காரர். "வெள்ளக்கார டாக்டரு ஒருதரம் பாத்துட்டாப் போதும்." லூக்கா ஒவ்வொருவரிடமும் கும்பிட்டுக் கும்பிட்டுத் தான் மருத்துவன் இல்லை என்றான். கும்பிட்டதே வைத்தியம் என்று அவர்கள் திருப்தியாகப் போனார்கள். மூட்டுவலிக்காரர் சாயங்காலம் வந்து பரவாயில்லை என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் மாமா நேராக விஷயத்துக்கு வந்தார். "தங்கத் தண்ணி கொண்டாந்தீங்களா?"

லூக்கா போனில் படம் காட்டினான். சின்னக் குப்பியில் செக்கச்செவேலென்று திரவம். தங்கம் அவ்வளவு பொடியானால் மஞ்சளாக இருக்காது, சிவப்பாகத் தெரியும்.

"படம் எதுக்கு? சரக்கு எங்க?"

"மாமா, அது எலிக்குத்தான் இதுவரைக்கும். மனுசங்கள்ல வேற சில நோய்க்குச் சோதிச்சுப் பாக்கறாங்க. அத்தையோட நோய்க்கு இன்னும் வாசப்படிக்கே வரல."

"எலிக்குத் தங்கம் ஊசி போடுவீங்க, உங்க அத்தைக்குப் போடமாட்டீங்க. அதுதானே படிப்பு?"

அப்போது அத்தை லூக்காவைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பி, உங்க அம்மாவுக்கு இது வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? மாது, ஒரு எழுத்து மாத்தாம கேட்டுச் சொல்லு."

கேட்டேன். லூக்கா போனை அணைத்துப் பையில் போட்டான். பிறகு, "நாளைக்கே கத்தியிடம் கூட்டிப் போவேன். என் விளக்கை நம்பி ஒரு நாளும் காத்திருக்க மாட்டேன்" என்றான். ஒரு எழுத்து மாற்றாமல்தான் சொன்னேன்.

"நீ சேத்துச் சொல்ற" என்றார் மாமா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மத்தியானம் டீக்கடைப் பக்கம் போனபோது லூக்காவும் மாமாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா தமிழில் பேசிக்கொண்டிருந்தார்; லூக்கா தலையாட்டிக்கொண்டிருந்தான். புரியாதவன் என்பதால்தான் அவனிடம் சொன்னார் போலிருக்கிறது. நான் பின்னால் நின்றுவிட்டேன்.

"எங்கண்ணனை ஆப்பரேசனுக்கு நான்தான் வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போனன் தம்பி. வேணாம் வேணாம்னான். நான்தான் ஒண்ணும் ஆவாது ஏறுடான்னன். அதே வண்டியிலதான் துணி சுத்திக் கொண்டாந்தன். இப்ப இவளையும் நான் கைய புடிச்சு ஏத்தணுமா? சொல்லுங்க."

லூக்கா தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று தெரியாது. ஆனால் மாமாவின் டீக்குத் துணையாக ஒரு வடை வாங்கி அவர் கையில் வைத்தான். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று பொழுது சாய அத்தை ஒரு வழி சொன்னாள். "ஆளுக்கு ஒண்ணு பேசாதீங்க. தாயிகிட்டப் பூ கேட்டுருவம். அவ என்ன சொல்றாளோ அதுதான்."

எங்கள் பக்கம் பெரிய காரியத்துக்கெல்லாம் இது வழக்கம். ஒரே மாதிரி இரண்டு வாழையிலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. அம்மன் காலடியில் வைத்து, எது எதுவென்று தெரியாத ஒருவர் கையால் எடுத்துப் பிரித்தால் வருவது தெய்வ வாக்கு. பெண் கொடுப்பதா, கிணறு வெட்டுவதா என்பதெல்லாம் அப்படித் தீர்ந்ததுண்டு.

"தங்கத் தண்ணி செவப்பு. அதனால செவப்புன்னா வெளிச்சம், வெள்ளன்னா கத்தி" என்றார் மாமா உடனே. மறுநாள் காலை கோயில் என்று முடிவாயிற்று. அத்தை தானே பொட்டலம் கட்டிச் சாமி மாடத்தில் வைத்தாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டில் ஒன்று. சிவப்பு வந்தால் இந்தத் தேதியும் போகும். கட்டி நமக்காகக் காத்திருக்காது. பாதிக்குப் பாதி என்கிற கணக்கில் எங்கள் ஆய்வகத்தில் எலியைக்கூட விடமாட்டோம்.

விடிந்ததும் அத்தை மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரம் பார்த்து வேலியோரம் இருந்த நந்தியாவட்டையைப் பறித்தேன். இரண்டு இலைத் துண்டில் இரண்டிலும் வெள்ளைப் பூ. கட்டுவதற்கு நார் தேடினால் அகப்படவில்லை. மாடு கத்துகிறது, அத்தை வந்துவிடுவாள். லூக்காவின் பையில் கைவிட்டு அந்தப் பல்நூலை எடுத்துக் கட்டினேன். பார்வைக்கு நார் மாதிரியே இருந்தது. அத்தை கட்டிய இரண்டையும் எடுத்து என் தோள்பையின் ஓரத்தில் திணித்துவிட்டு, நான் கட்டிய இரண்டையும் மாடத்தில் வைத்தேன். அத்தை கட்டியதைப் பிரித்துப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. மாடத்தில் அம்மன் படம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கோயிலில் பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். யார் எடுப்பது என்று கேள்வி வந்தது. "வெள்ளக்காரரு எடுக்கட்டும். அவருக்கு வஞ்சகம் தெரியாது" என்றார் மாமா.

பூசாரி கற்பூரம் காட்டிப் பொட்டலங்களை அம்மன் காலடியில் வைக்கக் குனிந்தவர், மூக்கை உறிஞ்சினார். "என்ன மாதம்மா, புதினா வாசம் வருது?"

நான் லூக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

"காலையில புதினா பறிச்ச கைங்க சாமி" என்றாள் அத்தை நிதானமாக.

அத்தை வீட்டில் புதினாச் செடியே கிடையாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

லூக்கா முன்னால் போய் ஒரு பொட்டலத்தை எடுத்தான். எடுத்தவன் நூலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி நூலைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு தசை ஆடவில்லை. சிலுவைக்காரன், அம்மனுக்கு அவ்வளவு விசுவாசமாக இருப்பான் என்று நான் நினைக்கவில்லை. பூசாரியிடம் நீட்டினான். பிரித்தார்.

வெள்ளை.

மணியடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு பங்காளி, "இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துரலாமே" என்றார்.

அத்தை சட்டென்று குனிந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "தாயி வாக்குச் சொன்ன பொறவு இன்னொண்ணப் பிரிச்சா அவளைச் சந்தேகப்பட்டாப்பல ஆவாதா? உங்க வூட்டுப் பொண்ணு கல்யாணத்துக்குப் பூ கேட்டப்ப ரெண்டையும் பிரிச்சீங்களா?"

பங்காளி வாயை மூடிக்கொண்டார். மாமா கண்ணைத் திறந்தார். "அவளே சொல்லிட்டா. பொறவு என்ன, பொறப்படு" என்றார். தோளில் இருந்த எதையோ கீழே இறக்கிவைத்த மாதிரி அவர் உடம்பு நிமிர்ந்திருந்தது.

அடுத்த நாள் பொம்மிடியில் சேலம் ரயிலுக்கு நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். ரயில் தாமதம். லூக்கா மட்டும் எழவு வீட்டு முகத்தோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா தட்டுவடை வாங்கிவரப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அத்தை இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து என் மடியில் போட்டாள். "வாழநாருல புதினா மணக்காது மாது."

நான் மாமா போன பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"பிரி." பிரித்தேன். வாடிய நந்தியாவட்டை. "இது உன் பொட்டலம். இப்ப என் பொட்டலத்தை எடு. பையிலதான வச்சிருப்ப, எறியத் தைரியம் வந்திருக்காதே."

தோள்பையைத் துழாவினேன். இலை கறுத்துப்போயிருந்தது. வாழைநார் முடிச்சைப் பிரித்தேன். முதல் பொட்டலத்தில் வெள்ளை அரளி. இரண்டாவதைப் பிரித்தேன்.

அதிலும் வெள்ளை அரளி.

எட்டிப் பார்த்த லூக்கா கையைத் தலையில் வைத்துக்கொண்டு இத்தாலியப் பாஷையில் மாதாவைக் கூப்பிட்டான்.

"அத்த... அப்பன்னா உனக்கு மொதல்ல இருந்தே..."

"டாக்டரம்மா சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும், போவணும்னு. நான் ஒத்தையா பஸ்ஸேறிப் போயிருப்பன். ஆனா உங்க மாமன் விடமாட்டாரு, கூட வருவாரு, கைய புடிச்சு ஏத்துவாரு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, அண்ணனையும் நான்தான் ஏத்துனன், இவளையும் நான்தான் ஏத்துனன்னு உக்காந்திருவாரு. இப்ப அவரு ஏத்தல. தாயி ஏத்திட்டா." அத்தை கீழே உதிர்ந்த பூக்களைப் பொறுக்கித் தண்டவாளத்துப் பக்கம் போட்டாள். "உன் வெளக்கு எலிய விட்டு மனுசங்ககிட்ட வந்தா சொல்லியனுப்பு. எனக்கில்ல. கத்திக்குப் பயந்த புருசன் இருக்கற எவளுக்காச்சும் ஆவும்."

தூரத்தில் மாமா தட்டுவடைப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தார். நான் இலைகளை அவசர அவசரமாகப் பைக்குள் திணித்தேன். பல்நூல் மட்டும் என் விரலில் சுற்றிக்கொண்டு வர மறுத்தது.

மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். "என்ன, இங்கயும் புதினா வாசம் வருது?"

அத்தை அவர் கையிலிருந்த தட்டுவடையை வாங்கிப் பிரித்து, மேலே இருந்த புதினாச் சட்னியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"கையில வச்சிக்கிட்டே கேக்கறாரு பாரு" என்றாள்.